ஒன்றரை அங்குலம்

மூன்று பெட்டிகளையும் திறந்து கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க காக்கா, எத எடுக்கிற?" என்று பர்ஹான் கேட்டபோது ஜவுபர் பெட்டிகளை விட்டு அவன் முகத்தைப் பார்த்தார். இதே கேள்வியை இதே கல்முனைப் பட்டினத்தில், ஒரு புடவைக்கடையில் நின்று காலமெல்லாம் கேட்டவர் அவர். எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. வாங்க வந்தவர் பார்த்துப் பார்த்துக் குழம்பி, கண் களைத்து, எதையாவது எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கத் தொடங்கும் நேரம் அது. ஹாட்வெயார் கடையில் நின்ற பர்ஹான் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக நிதானமான ஆள். அந்த நேரத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தான். தொழில் தெரிந்தவன் என்று ஜவுபர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். மெச்சி என்ன செய்ய, எதை எடுப்பது என்று தெரியவில்லை.

மூன்றும் ஒரே சாமான்தான். மல்டி டூல் என்றார்கள். கைக்கு அடக்கமான உடம்பு, முன்னால் ஒரு கழுத்து, கழுத்தின் நுனியில் சின்னத் தட்டகப்பை மாதிரி ஒரு பிளேட். வயர் கிடையாது, பற்றரியில் ஓடும். பொத்தானைத் தள்ளினால் பிளேட் சுற்றாது. இருந்த இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடும். ஆடுகிற வேகத்தில் அது ஆடுவதே கண்ணுக்குத் தெரியாது, சும்மா நின்று இரைவது போலிருக்கும். சுவரோடு ஒட்டியிருக்கிற மரத்தை, வாள் நுழையாத இடத்தில், சுவருக்கு ஒரு கீறலும் விழாமல் அறுத்தெடுக்கும் என்று கட்டாரிலிருந்து மகன் ஷிப்லி வீடியோ அனுப்பியிருந்தான். அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் பாண் ரொட்டியை வெட்டுவதுபோல் கதவு நிலையை வெட்டினான். ஜவுபர் அதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டார்.

மஞ்சள் நிறமானது விலை குறைந்தது. இரண்டு பற்றரி, பெட்டி நிறையப் பிளேட், கேட்காத சாமான்கள் வேறு. சிவப்பில் எல்லாம் ஒவ்வொன்று. பச்சைதான் பேர்போன சாமான், கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. ஆனால் அதற்குப் பற்றரியும் சார்ஜரும் வேறாக வாங்க வேண்டுமாம். பெண்ணை ஒரு கையால் தந்துவிட்டு வீட்டுக்குத் தனி விலை சொல்வது போன்ற இந்த வியாபாரம் ஜவுபருக்குப் புதிது. மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். புடவை என்றால் விரலிடுக்கில் ஒரு தரம் கசக்கினால் போதும், சாயம் போகுமா, சுருங்குமா என்று சொல்லிவிடுவார். இந்தப் பிளாஸ்ரிக்கைத் தடவி என்னத்தைக் கண்டுபிடிப்பது?

அவருக்கு வேண்டியது ஒன்றரை அங்குலம். வேறொன்றும் வேண்டாம்.

போன வருடம் அவருடைய மனைவி சுல்பிகாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சிலும் முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சிய சொற்களில் 'வேணாம்' என்பது மட்டும் பழைய தெளிவோடு வரும். பள்ளிவாசல் மூலம் ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது, வெளிநாட்டுச் சாமான், நல்ல அகலம். சுல்பிகாவுக்கும் அந்த அகலம் வேண்டும். அவள் கலியாணத்தன்றே வாட்டசாட்டமான பெண்தான். அந்த நாற்காலி வீட்டில் எல்லா வாசலாலும் போனது, அவளுடைய அறைக்குள்ளேயே இருந்த குளியலறையின் வாசலில் மட்டும் முட்டிக்கொண்டது. முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்து, கடைசியில் ஜவுபர் பழைய அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றரை அங்குலம் போதவில்லை.

ஆகவே வாசலில் நாற்காலியை நிறுத்தி, அவளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே பிளாஸ்ரிக் கதிரையில் இருத்துவார். இருத்திவிட்டால் போதும், மிச்சத்தையெல்லாம் இடது கையால் தானே பார்த்துக்கொள்வாள். கதவைச் சாத்தச் சொல்வாள். தொழுகைக்குக் கைகால் கழுவுகிற வுளூவும் தானே செய்வாள். முடிந்ததும் வாளியில் தட்டுவாள், இவர் போய்த் தூக்கி வருவார். ஒரு வருடமாக இப்படியே போனது. போன மாதம் தூக்கிய இடத்தில் அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இனிமேல் தண்ணீர் வாளிகூடத் தூக்கக் கூடாது என்றார். ஜவுபர் தலையாட்டிவிட்டு வந்து, பெல்ட் கட்டிக்கொண்டு திரும்பவும் தூக்கினார். வேறு யார் தூக்குவது? மகள் நிஹ்லாவுக்குப் பிள்ளைப்பேற்று மாதம் நெருங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஸம்றா நல்லவள், ஆனால் அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறது. கட்டிலடியில் ஒரு சட்டி வைக்கலாம் என்று நிஹ்லா சொன்னபோது சுல்பிகா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது அவள் இருந்தபடி தொழுகிற அறை.

மிஞ்சியிருந்தது நிஹ்லாவின் மாப்பிள்ளை முஸ்தாக். கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர், உடம்பில் வலு உள்ள ஆள். ஆனால் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ்தான் காலம் கழிப்பார்கள், ஆனால் ஒருவர் முன்னால் ஒருவர் வந்து நிற்க மாட்டார்கள். மார்க்கத்தில் தடையில்லை, மருமகன் மகனுக்குச் சமம் என்று மௌலவி சொல்லத்தான் செய்கிறார். ஆனால் வெட்கத்துக்கு எந்த மௌலவி பத்வா கொடுக்க முடியும்? முஸ்தாக் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து நாலு வருடமாகிறது. அவருடைய மோட்டார் சைக்கிள் கேட்டடியில் நின்றால் சுல்பிகா குசினிக்குள் போய்விடுவாள். அவரை ஒரு சொல்லால் கூப்பிட்டதில்லை. சோறு ஆறுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமென்றால், பக்கத்தில் நிற்கும் நிஹ்லாவிடம் அதை ஊருக்குக் கேட்கும்படி சொல்வாள். நடக்க முடியாமல் போனபிறகு குசினிக்கு ஓட வழியில்லை, அறை வாசலுக்குத் திரை போடச் சொன்னாள். முஸ்தாக்கும் மரியாதை தெரிந்தவர். திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமி, "மாமி சாப்பிட்டா?" என்று நிஹ்லாவைக் கேட்பார்.

இடுப்பு பிடித்த அன்று ஜவுபர் மெதுவாக, "மருமகனக் கூப்பிடட்டா புள்ள?" என்று கேட்டார். சுல்பிகா இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று அவள் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் குளியலறைக்குப் போகவேண்டி வரும். அதன்பிறகும் ஒவ்வொரு நாளும் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். உதடு வெடித்துவிட்டது.

மேசனைக் கூப்பிடலாம்தான். தேத்தண்ணிக் கடையில் மேசன் சீனிமுகம்மதுவிடம் கேட்டார். நிலையைப் பெயர்த்தால் சுவர் உடையும், மாபிள் உடையும், பெரிய நிலை வைத்துப் பூசிக் காயவிட எத்தனை நாள் போகுமோ தெரியாது என்றார் அவர். வீட்டுக்குள் இருப்பது அந்த ஒரே குளியலறை, மற்றவர்கள் கிணற்றடிக்குப் போவார்கள், அவளால் முடியாது. வந்து பார்த்துவிட்டாவது போகட்டும் என்று இவர் சொன்னபோது, சுல்பிகா மேசனும் வேணாம் என்றாள். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்நிய ஆண்கள் நின்று கொத்துவதை அவள் எப்படிப் பொறுப்பாள் என்று ஜவுபரும் விட்டுவிட்டார். அப்போதுதான் ஷிப்லியின் வீடியோ வந்தது. நிலையை முழுதாகப் பெயர்க்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் உள்விளிம்பை இடுப்பு உயரம் வரைக்கும் முக்கால் அங்குலம் சீவினால் நாற்காலி போய்விடும்.

முஸ்தாக்கிடம் அனுமதி கேட்டார். கேட்கத்தான் வேண்டும். வீடு மகளுக்கு எழுதியாகிவிட்டது, மகளுடைய வீட்டில் மாப்பிள்ளைதான் ஆள். "உங்கட வீடு மாமா, என்னட்டயா கேக்கிற?" என்றார் முஸ்தாக். நல்ல மனதோடுதான் சொன்னார். ஜவுபருக்கு அது எங்கேயோ குத்தியது. அந்த வீடு எந்தக் காலத்திலும் அவருடைய வீடாக இருந்ததில்லை. மாமனார் கச்சிமுகம்மது மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு அது. மாப்பிள்ளையாக வந்தவர் அதில் ஓர் ஆணியும் அடித்ததில்லை. மாப்பிள்ளை ஆணி அடித்தால் வீட்டில் குறை கண்டதாகிவிடும். ஓடு மாற்றினால் மாமனார் மாற்றினார், அவருக்குப் பிறகு மச்சினன்மார் மாற்றினார்கள். இப்போது மருமகன் மாற்றுகிறார். நடுவில் ஒரு விருந்தாளியாக அவருடைய ஆயுசு கழிந்துவிட்டது.

"என்னத்துக்குக் காக்கா வெட்டப் போறீங்க?" என்று பர்ஹான் கேள்வியை மாற்றிப் போட்டான்.

"கதவு நிலை."

"என்ன மரம்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஜவுபரிடம் பதில் இருந்தது. அவர் நிமிர்ந்து நின்றார். "முதிரை, தம்பி. வீட்டுல அவ்வளவு நிலையும் முதிரை. எங்கட மாமா வாக்குக் குடுத்துக் கட்டின வீடு. சுனாமித் தண்ணி முழங்காலுக்கு நிண்டும் ஒரு நிலை அசையல்ல."

அது அவருடைய வாயில் பழகிய பேச்சு. கலியாணம் பேசி வந்தபோது கச்சிமுகம்மது சபையில் சொன்ன வாக்கு, நிலை எல்லாம் முதிரை, உள்ளுக்கே குளியலறை. வீடு பார்க்கப் போன ஜவுபரின் அண்ணன், மூத்த காக்கா, முன்வாசல் நிலையை விரல் மொழியால் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, இரும்புடா என்றார். அந்த நிலைகளைப் பற்றி ஜவுபர் கடையில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார், முஸ்தாக்கின் ஆட்கள் பெண் கேட்டு வந்தபோது சுல்பிகா திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்க, அவர்களிடமும் சொன்னார். சம்பளத்துக்கு நின்ற மனிதருக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

பர்ஹான் தாடியைத் தடவினான். முதிரை என்றால் மஞ்சள் தாங்காது, பிளேட் பல்லுப் போய்விடும், சிவப்பும் மூச்சு வாங்கும் என்றான். இதைச் சொன்னபோது அவன் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை என்பதை ஜவுபரின் காது கண்டுகொண்டது. ஷிப்லிக்கு வீடியோ கோல் எடுத்தார்கள். தலையில் மஞ்சள் தொப்பியோடு, பின்னால் காற்று இரைய, அவன் பச்சையையே எடுக்கச் சொன்னான். உம்மாட விசயத்துல யோசிக்க வேணாம் வாப்பா என்று சொல்லும்போதே தொடர்பு அறுந்துவிட்டது. பச்சையையும் பற்றரியையும் கட்டிவிட்டு, மரத்துக்கான பிளேட் மூன்றைப் போட்ட பிறகு, இரும்பு, கல் எல்லாத்தையும் கொஞ்சம் கடிக்கிற பிளேட் ஒன்றும் இருக்கிறது, அதையும் போடவா என்று பர்ஹான் கேட்டான். பழைய வீடு என்றால் உள்ளே என்ன இருக்குமென்று சொல்ல ஏலாது என்றான். ஜவுபருக்குச் சுருக்கென்றது. பழைய ஓடாவி செய்த மரவேலை தம்பி, ஓர் ஆணிகூட இல்லை என்று சொல்லி, வேண்டாமென்றுவிட்டார்.

சாய்ந்தமருதிலிருந்த வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்திருந்தார். பிரதான வீதியின் குலுக்கலில் இடுப்பு சுண்டியது, ஆனாலும் மனம் லேசாக இருந்தது. ஒரு சாமானைத் தெரிந்தெடுத்துவிட்டார். சுல்பிகா இன்றைக்கு நாற்காலியில் இருந்தபடியே உள்ளே போவாள், வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பாள்.

பற்றரி சார்ஜ் ஏறும்வரை பெட்டியை அவளுக்குக் காட்டினார். அவள் பார்த்தாள். பிளேட்டைப் பார்த்தாள், குளியலறை வாசலைப் பார்த்தாள், பிறகு இவர் முகத்தைப் பார்த்து, "வேணாம்" என்றாள். செலவை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, ஷிப்லி அனுப்பின காசுதான் என்றார். "வேணாம்." தூசி வராது, கட்டிலுக்குத் துணி போட்டு மூடுறேன் என்றார். "வேணாம், வேணாம்." அவள் இடது கையை நீட்டி அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தாள். வாய் எதையோ உருட்டி உருட்டித் தேடியது. வாதம் வந்தபிறகு அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று டொக்டர் சொல்லியிருந்தது நினைவுக்கு வர, ஜவுபர் அவள் கையைத் தடவிக்கொடுத்து, சாரத்தை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

அஸர் தொழுதுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினார். நிலையில் பென்சிலால் கோடு போட்டார். ஷிப்லி சொல்லியிருந்தபடி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லிப் பொத்தானைத் தள்ளினார். கைக்குள் அது தேனீக் கூட்டம்போல் இரைந்தது. பிளேட்டைக் கோட்டில் வைத்ததும் பல அடுக்காயிருந்த மண்ணிறப் பூச்சு சுருண்டு விழுந்தது. உம்மா, எவ்வளவு சுகமாக வெட்டுகிறது என்று அறைத் திரையடியில் நின்ற நிஹ்லா சொல்லி முடிக்கவில்லை, கிறீச்சென்று ஒரு சத்தம் எழுந்து வீட்டை நிறைத்தது. கை அதிர்ந்து தோள்வரை ஏறியது. ஜவுபர் விடவில்லை. முதிரையல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் அழுத்தினார். பிளேட் நுனி சிவந்து புகைந்தது.

பிளேட்டை மாற்றினார். இரண்டாவதும் அதே பாட்டைப் பாடி மழுங்கிப்போனது. போலிப் பிளேட்டைக் கட்டித் தந்துவிட்டான் என்று பர்ஹானைத் திட்டிக்கொண்டே மூன்றாவதைப் போட்டார். அதற்குள் காலடியில் குவிந்திருந்ததைக் கண்டார். முதிரைத் தூள் மஞ்சளாக விழும், காட்டுமர வாசம் அடிக்கும். இங்கே விழுந்து கிடந்தது சாம்பல். பொத்தானை நிறுத்திவிட்டு, வெட்டிய இடத்தில் விரலை வைத்தார். குளிர்ந்து கிடந்தது. பூச்சுக்குக் கீழே நரைத்த சீமெந்து, அதில் பதிந்த சின்னக் கற்கள், கொஞ்சம் உள்ளே துருப்பிடித்த கம்பியின் முதுகு.

நெடுநேரம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லையா, விளங்கிக்கொள்ள மனமில்லையா, அதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்தார். சுல்பிகா கட்டிலில் இருந்தபடி அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"வாப்பா" என்றாள், கச்சிமுகம்மதுவைத்தான் சொன்னாள். பிறகு தொண்டையைத் திரட்டி, "சீமெந்து" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கொண்டுவந்து போட்டாள். "சொல்லாத… எண்டாரு."

மிச்சத்தை அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர்களுக்குக் கலியாணமான வருடம் சண்டைக் காலம், காட்டுப்பக்கம் மரத்துக்குப் போக ஒருவருக்கும் துணிவில்லை. போனவர்களில் சிலர் திரும்பவுமில்லை. ஒரு நிலைக்கு மரம் வந்து சேராமல் போயிருக்கும், நாள் குறித்தாகிவிட்டிருக்கும், சபையில் வாக்கும் கொடுத்தாகிவிட்டது. கச்சிமுகம்மது பலகையடித்துச் சீமெந்து ஊற்றி, மண்ணிறம் பூசி, ஈரம் காயுமுன் சீப்பால் இழுத்து மரவரி போட்டிருப்பார். காக்கா தட்டிப் பார்த்தது முன்வாசல் நிலையைத்தான். குளியலறைக்குள் போய்த் தட்டிப் பார்க்கிற சம்பந்தியார் எந்த ஊரில் இருக்கிறார்கள்? பெருநாளைக்கு வீட்டுக்குப் பூச்சடிக்க ஆள் வந்தால், அந்த ஒரு நிலையை மட்டும் சுல்பிகா ஆளிடம் விட மாட்டாள். முக்காலியைப் போட்டு ஏறித் தானே பூசுவாள். பெண்களுக்கு ஒவ்வொரு பிடிவாதம் என்று இவர் சிரித்திருக்கிறார்.

கோபம் வரட்டும் என்று காத்து நின்றார். வரவில்லை. வந்தது வெட்கம். அவள் காதுபட எத்தனை சபையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் அந்த ஒரு நிலையை நினைத்துப் பயந்திருப்பாள். மரமானால் என்ன, சீமெந்தானால் என்ன, நான் உன்னை விட்டுப் போயிருப்பேனா என்று கேட்க நினைத்தார். அந்தக் காலத்து ஜவுபர் என்ன செய்திருப்பான் என்று யோசித்ததும் அந்தக் கேள்வியைக் கைவிட்டார். காக்கா கட்டாயம் ஒரு கதை கதைத்திருப்பார். மாமனார் வாக்குத் தவறியவர் என்று பெயர் வாங்கியிருப்பார். அவளுடைய பயத்தில் பிழையில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட நொந்தது.

"பரவால்ல புள்ள" என்றார். அதைவிடப் பெரிய சொல் ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை.

சுல்பிகா அழுதாள். அழுது முடியுமுன்பே, இடது கையால் குளியலறைப் பக்கம் காட்டினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தாள் போலும். இன்றைக்கு நாற்காலியோடு போகலாம் என்று இவர்தான் சொல்லி வைத்திருந்தார். ஜவுபர் பெல்ட்டை இறுக்கினார். அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குச் சரித்து மாற்றி, அதைக் குளியலறை வாசலில் நிறுத்தி, குனிந்து அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார். பாதி எழும்பியிருப்பாள். இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் ஒரு வலி காலுக்கு ஓடியது. அவளைக் கீழே விடாமல் நாற்காலியிலேயே திரும்ப இருத்திவிட முடிந்தது, அல்லாஹ்வின் காவல். அவர் நிலையைப் பிடித்தபடியே சரிந்து, அந்தச் சாம்பல் தூளில் இருந்துவிட்டார். நிஹ்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கிட்ட வராத, தூக்காத என்று இவர் கத்தினார். ஸம்றாவைக் கூப்பிட்டால் அவள் அட்டாளைச்சேனையில் கலியாண வீட்டில் நிற்கிறாள். ஜவுபர் எழும்பப் பார்த்தார், உடம்பு கேட்கவில்லை. சுல்பிகா பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள், நெற்றியில் வியர்வை கோர்த்து நின்றது. கூப்பிடு என்று இவரும் சொல்லவில்லை, வேணாம் என்று அவளும் சொல்லவில்லை. நிஹ்லா இருவரையும் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

மோட்டார் சைக்கிள் கேட்டடியில் நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரைக்கு வெளியே முஸ்தாக் வழக்கம்போல் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு எழுந்து ஓடியே பழகிய சுல்பிகாவின் இடது கால் நாற்காலியின் மிதிபலகையில் ஒரு தரம் துடித்தது. பிறகு அவள் முக்காட்டின் நுனியைப் பிடித்து இழுத்து, முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள்.

"உள்ளுக்கு வாங்க மருமகன்" என்றார் ஜவுபர், நிலத்திலிருந்து.

திரை விலகியது. முஸ்தாக் உள்ளே வரவில்லை. தலையைக் குனிந்தபடி வாசலிலேயே நின்றார். அவருக்கும் முகம் சிவந்திருந்தது. அந்த வீட்டில் நாலு வருடம் வாழ்ந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக மாமியிடம் நேரே ஒரு வார்த்தை கதைத்தார்.

"மாமி, நான் கண்ண மூடிக்கிறன். மாமா வழி சொல்லட்டும்."

சொன்னபடியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி, குருடனைப்போல் நடந்து வந்தார். ஜவுபர் வழி சொன்னார். ரெண்டு எட்டு வாங்க. நில்லுங்க. குனிங்க. இடப்பக்கம் கொஞ்சம். அப்படியே தூக்குங்க. இவ்வளவுதான் அவரால் அந்த வீட்டில் செய்ய முடிந்தது, அதைக் குரல் நடுங்காமல் செய்யப் பார்த்தார். முகம் மூடிய சுல்பிகா, கண் மூடிய முஸ்தாக்கின் கையில் ஒரு குழந்தையைப்போல் எழும்பினாள். சரிச்சுப் போங்க, நிலையில இடிக்கும், இன்னும் சரிங்க என்றார். அவருடைய தலைக்கு மேலாக அவளுடைய கால்கள் கடந்து போயின. வெட்டுப்பட்ட இடம் முஸ்தாக்கின் வெள்ளைச் சட்டைக் கையில் உரசி, சாம்பல் தடம் ஒன்றை இழுத்துவிட்டது. உள்ளே கதிரை முனகியது. முஸ்தாக் சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து, கதவைத் தேடிப் பிடித்துச் சாத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

மாமனும் மருமகனும் கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள், ஒருவர் நிலத்தில், ஒருவர் சுவரோடு சாய்ந்து நின்றபடி. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே குழாய் திறந்தது. தண்ணீர் விழும் சத்தம் நீண்டுகொண்டே போனது. வுளூவுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. அழுகிற சத்தம் கேட்காமலிருக்கத் திறந்திருக்கிறாள் என்பது ஜவுபருக்குத் தெரிந்தது. முஸ்தாக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் சட்டைக் கையிலிருந்த தூளைத் தட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் அவள் வாளியில் தட்டுவாள். தட்டினால் உள்ளே போகிற ஆள் இவரில்லை என்பது அவளுக்கும் தெரியும். எப்படித் தட்டுவாள், அல்லது வாயைத் திறந்து யாரை என்னவென்று கூப்பிடுவாள் என்று ஜவுபர் யோசித்துக்கொண்டிருந்தபோது, குழாய் நின்றது. முஸ்தாக் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.